சிறு டிராக்டருக்கு ஏற்ற தோண்டு கருவியும் அதைப் பொருத்தும் முறையும்

சிதம்பரம் தாலூகாவில் பயிரைக் கெடுப்பது பெரும்பாலும் மழையன்று, மழைநீர் வடியாமையே. கொள்ளிடமும் வெள்ளாறும் கடலில் கலக்கும் இப்பகுதி தாழ்ந்து, ஏறக்குறையச் சமமட்டமாய்க் கிடப்பது. மண்ணோ களி. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும் சமயத்தில் சம்பா நட்டுச் சில வாரங்களே ஆகியிருக்கும். அந்த இளம் பயிர் முழுவதும் முழுகி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அழுகிப் போகும். 2015-ஆம் வருஷம் நவம்பர் மாதத்து வெள்ளத்தில் கடலூர் ஜில்லா அடைந்த கஷ்டத்தை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய ஆறுகளின் வெள்ளத்தைத் தடுப்பது தனிக் குடியானவரால் ஆகக்கூடிய காரியமன்று. ஆனால் தம் வயலுக்கும் பொது வடிகாலுக்கும் நடுவிலுள்ள கன்னி வாய்க்கால்களை ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துவிடாதபடி கோடையிலேயே தூரெடுத்து வைப்பது அவர் கையிலேயே உள்ளது.

இவ்வேலைக்கு ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகி வருகிறது. வாடகைக்கு வரும் பெரிய தோண்டு யந்திரமோ ஏழெட்டு டன் எடையுள்ளது. மூன்றடி அகல வரப்பு அதைத் தாங்காது. களிமண் வயலில் சிறிது ஈரமிருந்தாலும் இறங்கிவிடும். ஆகவே இருபது, இருபத்தைந்து குதிரைச் சக்தியுள்ள சிறு டிராக்டரை ஏற்கெனவே வைத்திருக்கும் மிராசுதார்கள், அதன் பின்புறத்தில் ஒரு தோண்டு கருவியைப் பொருத்திக்கொண்டால் என்ன என்று எண்ணுவது இயல்பே. எண்ணம் நல்லதுதான். ஆனால் இக்கருவியை வாங்குவோர் பலரும் கவனிப்பது அதன் கை எவ்வளவு ஆழம் எட்டும் என்பதையே. கவனிக்க வேண்டியதோ அக்கை டிராக்டரோடு எவ்விதம் இணைக்கப்படுகிறது என்பதையாகும். இணைப்புத் தவறினால் டிராக்டர் பிளந்து போவதுமுண்டு, ஓட்டுபவர் நசுங்குவதுமுண்டு.

இக்கருவிக்கு ஆங்கிலப் பெயர் ‘பேக்ஹோ’. தன்னை நோக்கி மண்ணை இழுத்து வாரும் மண்வெட்டி என்று சொன்னால் அதன் வேலை விளங்கிவிடும். நம் ஜனங்கள் இத்தகைய யந்திரங்கள் யாவற்றையும் ‘பொக்லைன்’ என்றும் ‘ஜே.சி.பி.’ என்றும் சொல்லுகிறார்கள். முன்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பின்னது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இக்கருவி முதலில் விற்பனையானதே விவசாய டிராக்டரின் முதுகில்தான். 1948-இல் அமெரிக்காவில் வெய்ன்-ராய் கம்பெனியார் ஃபோர்டு 8 என் டிராக்டரில் அதைப் பொருத்திக் கொடுத்தனர். 1953-இல் பாம்ஃபோர்டு இங்கிலாந்தில் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் மேல் தம்முடையதை அமைத்தார். இன்று கிராமங்களில் காணும் பெரிய மஞ்சள் யந்திரங்கள் அவற்றின் வழிவந்தவையே. அவற்றில் தோண்டும் கையைத் தாங்குவதற்கென்றே கனத்த சட்டம் உண்டு. சிறு டிராக்டரில் அது இல்லை. வித்தியாசம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

டிராக்டரின் உடலமைப்பு

லாரிக்கு எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் சுமக்கும் நீண்ட இரும்புச் சட்டம் உண்டு. டிராக்டருக்குப் பெரும்பாலும் அப்படியில்லை. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர்ப்பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகப் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டு, அந்த உடலே முதுகெலும்பாக அமைந்திருக்கும். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் பிரபலப்படுத்திய இவ்வமைப்பு உழவுக்கு மிகவும் ஏற்றது. கலப்பை பின்புறத்தில், தாழ்வான இடத்தில், நேராக இழுக்கிறது. வார்ப்பிரும்புக் கூடுகள் அவ்விழுப்பைச் சிரமமின்றித் தாங்குகின்றன.

தோண்டு கருவியோ வேறு விதம். நிறைந்த பக்கெட்டுடன் கை ஒரு பக்கமாய்த் திரும்பும்போது அது டிராக்டரின் உடலை முறுக்குகிறது. பக்கெட்டின் பல் ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டு இழுக்கும்போது உடலை நடுவில் வளைக்கப் பார்க்கிறது. நாளொன்றுக்குப் பல நூறு தடவை இவ்விதம் நேர்ந்தால் முதலில் கிளட்ச் கூட்டின் போல்ட்டுகள் தளரும். பின்பு மூட்டுகளில் எண்ணெய் கசியும். அதையும் கவனியாவிட்டால் கூடு விரிசல் விடும். கடன் தவணை இன்னும் முடியாத டிராக்டருக்கு இந்நிலை நேர்ந்தால் அவ்வருஷத்து உழவும் சேர்ந்து போயிற்று என்று கொள்ள வேண்டியதுதான். வார்ப்பிரும்புக் கூட்டைப் பற்றவைத்துச் சரிசெய்வதில் நம்பிக்கை வைக்க இடமில்லை.

இருவகைப் பொருத்தம்

கடையில் கிடைக்கும் கருவிகள் இருவகைப்பட்டவை. முதல் வகை, கலப்பையை மாட்டுவது போல மும்முனை இணைப்பில் மாட்டுவது. விலை குறைவு, பத்து நிமிஷத்தில் மாட்டிக் கழற்றலாம், ஆகையால் விற்பவர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். இரண்டாவது வகை, டிராக்டரின் அடியில் முன் அச்சுத் தாங்கியிலிருந்து பின் அச்சுக் கூடு வரை இருபுறமும் ஓடும் ஓர் அடிச்சட்டத்தில் மாட்டுவது. இதில் தோண்டும் விசை சட்டத்தின் வழியே முன்னும் பின்னுமாகப் பங்கிடப்படுகிறது. கிளட்ச் கூட்டின் மேல் அது முழுவதும் விழுவதில்லை.

மும்முனை இணைப்பிலுள்ள அபாயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிராக்டரின் கீழ்க்கைகள் இரண்டும் எண்ணெய் அழுத்தத்தால் மேலே தூக்கப்படுகின்றன. ஆனால் கீழே இறங்குவது தம் பாரத்தாலேதான். அவற்றைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடு டிராக்டர்களில் சாதாரணமாக இல்லை. கலப்பைக்கு இது குறையன்று. தோண்டு கருவியில் உட்கார்ந்திருப்பவர் பக்கெட்டைத் தரையில் பலமாக ஊன்றினாலோ, கருவி முழுவதும் கீழ்க்கைகளோடு மேலெழும்பி டிராக்டரின் இருக்கைப் பக்கமாகச் சாயக்கூடும். ஓட்டுபவர் அவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வார். வேகமாக நிகழ்வதால் நெம்புகோலை விடுவதற்கும் அவகாசம் இராது. மேலைத் தேசங்களில் இவ்விதம் மனிதர் நசுங்கிய விபத்துக்கள் நேர்ந்தபின்பே அடிச்சட்டம் வற்புறுத்தப்படலாயிற்று.

ஆதலின் அடிச்சட்ட வகையே சிலாக்கியமானது. டிராக்டரின் மாதிரிக்கென்றே செய்த சட்டம் கிடைக்கவில்லையானால் கருவியையே வாங்காமலிருப்பது நலம். எவ்வகையிலும் மும்முனை வகையைத்தான் வைத்துக்கொள்ள நேர்ந்தவர்கள் இரண்டு காரியங்களையாவது செய்துகொள்ள வேண்டும். திருகி நீட்டிக் குறைக்கும் சாதாரண மேல் இணைப்புத் தண்டுக்குப் பதிலாக, கருவியோடு கொடுக்கப்படும் அசையாத இரும்புத் தண்டுகளை மாட்ட வேண்டும். கீழ்க்கைகள் மேலெழாதபடி அவற்றை டிராக்டரின் உடலோடு பிணைக்கும் பூட்டுச் சட்டங்களையும் போட வேண்டும். இவையின்றி விற்கப்படும் கருவியை யாரும் வாங்கலாகாது. ஆணிகளின் பருமனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பு இணைப்பில் கீழாணி 22 மில்லிமீட்டரும் மேலாணி 19 மில்லிமீட்டரும் இருக்கும். துவாரம் பெரிதாயிருக்கிறதென்று கம்பித் துண்டையோ தகட்டையோ சொருகி ஆடாமல் நிறுத்துவது பல பட்டறைகளில் காணும் வழக்கம். அது கூடாது.

எடைக் கணக்கு

டிராக்டரின் குதிரைச் சக்தியைக் காட்டிலும் அதன் எடைதான் கருவியின் அளவை நிர்ணயிக்க வேண்டும். ஓர் உதாரணம் பார்க்கலாம். 750 கிலோ எடையுள்ள டிராக்டரின் முன் அச்சில் 300 கிலோ நிற்பதாகவும், இரு அச்சுகளுக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்றும் கொள்வோம். 350 கிலோ எடையுள்ள கருவி, பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் தன் பாரத்தை வைக்கிறது. 350-ஐ 0.9-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுத்தால் 210 வரும். அவ்வளவு கிலோ முன் அச்சிலிருந்து பிடுங்கப்படுகிறது. மிஞ்சுவது 90 கிலோ. டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 150 கிலோவாவது, முன் அச்சில் இருந்தாலன்றிச் சுக்கான் சரியாகப் பிடிக்காது. வாய்க்கால் கரையில் ஏறும்போது முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். இந்த டிராக்டருக்கு முன்புறத்தில் 20 கிலோ எடைக்கட்டிகள் நான்கு மாட்டினால் குறை தீரும். கருவி 500 கிலோவாயிருந்தால் அதே கணக்கின்படி முன் அச்சில் ஒன்றுமே மிஞ்சாது.

இக்கணக்கை ஒவ்வொருவரும் தம் டிராக்டருக்குப் போட்டுப் பார்ப்பது கடினமன்று. எடைகள் டிராக்டர் கையேட்டிலும் கருவியின் விவரத்தாளிலும் இருக்கும். விவரத்தாளில் எடையைக் குறிக்காத கருவியை விட்டுவிடலாம்.

ஆழத்தில் ஆசை வைப்பதால்தான் எடை கூடுகிறது. கன்னி வாய்க்காலுக்கு இரண்டு அல்லது மூன்றடியும், பம்புசெட்டுக் குழாய் பதிக்க மூன்றடியும், தென்னங்குழிக்கு மூன்றடியும், சிறு வடிகாலுக்கு நாலடியும் போதும். ஐந்து அல்லது ஆறடி எட்டும் கருவி இவையனைத்தையும் செய்து முடிக்கும். எட்டடிக் கருவியை வாங்கி வருஷத்தில் ஒரு நாள் எட்டடி தோண்டுபவர், மற்ற நாட்களில் வீண் பாரத்தை இழுத்துத் திரிகிறார்.

எண்ணெய் அழுத்தம்

சிறு டிராக்டரின் சொந்த எண்ணெய்ப் பம்பு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 15 முதல் 25 லிட்டர் வரையே தள்ளும். அதே எண்ணெய்தான் பல டிராக்டர்களில் கியர்ப்பெட்டிக்கும் உதவுகிறது. நாள் முழுவதும் தோண்டினால் அது சூடேறி இளகிவிடும். ஆகவே பி.டி.ஓ. தண்டில் மாட்டும் தனிப் பம்பும், தனி எண்ணெய்த் தொட்டியும் உள்ள கருவியே நம் நாட்டு வெயிலுக்குத் தக்கது. பம்பு ஒரு நிமிஷத்தில் தள்ளும் அளவுக்குக் குறையாத எண்ணெய் தொட்டியில் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 30 லிட்டரை 150 ‘பார்’ அழுத்தத்தில் தள்ளுவதற்கு வேண்டிய சக்தி, 30-ஐ 150-ஆல் பெருக்கி 600-ஆல் வகுக்க, ஏழரைக் கிலோவாட். சுமார் 10 குதிரைச் சக்தி. நஷ்டத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டாலும் 24 குதிரைச் சக்தி டிராக்டருக்கு அது பெரிதன்று.

தனிப் பம்பை மாட்டுகையில் ஒன்றை மறக்கலாகாது. பம்பின் கூடு தண்டோடு சேர்ந்து சுழலாதபடி ஒரு சங்கிலியாலோ இரும்புத் தண்டாலோ அதை டிராக்டரின் உடலோடு கட்ட வேண்டும். கட்டாமல் எஞ்சினைக் கிளப்பினால் குழாய்கள் யாவும் ஒரு நொடியில் முறுக்கி அறுந்துபோம். பி.டி.ஓ. தண்டின் மூடியையும் கழற்றி எறியக் கூடாது. வேட்டியும் தோள்துண்டும் சுழலும் தண்டில் சிக்கினால் மனிதனை இழுத்துவிடும். இவ்வேலைக்குக் கால்சட்டையே தகும். டிராக்டரின் சொந்த எண்ணெயையே உபயோகிப்பவர்கள், போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டும் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்று பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் அழுத்தம் கட்டுக்கு மீறும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது மிகவும் கெட்ட பழக்கம். மயிரிழை போன்ற துவாரத்தின் வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதுமானது.

சட்டத்தைப் பொருத்துதல்

அடிச்சட்டத்தைப் பொருத்துவதற்கு டிராக்டரின் கூட்டில் புதுத் துவாரம் போடவோ, பற்றவைக்கவோ கூடாது. கம்பெனியார் விட்டிருக்கும் துவாரங்களிலேயே உறுதியான உயர்ரகப் போல்ட்டுகளைப் போட்டு முடுக்க வேண்டும். முதல் பத்து மணி வேலைக்குள் அவை கட்டாயம் சற்றுத் தளரும். திரும்பவும் முடுக்க வேண்டும். கிளட்ச், பிரேக் மிதிகளின் கம்பிகள் சட்டத்தில் உரசுகின்றனவா, எஞ்சின் எண்ணெய் இறக்கும் திருகை எட்ட முடிகிறதா என்பவற்றை முதல் நாளே பார்த்துக்கொள்ளாதவர்கள் பின்னால் சட்டத்தையே கழற்ற நேரும். சட்டம் இருக்கையில் டிராக்டரின் வயிறு தரைக்குச் சில அங்குலம் கிட்டத்தில் வந்துவிடுகிறது. ஆகையால் கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவு செய்யும் மாதங்களில் கருவியோடு சட்டத்தையும் கழற்றி வைத்துவிடுவது தகும்.

கருவியைச் சட்டத்தில் மாட்டுவது ஒரே ஆளின் வேலை, அவசரம் கூடாது. கருவி தன் ஊன்றுகால்களின் மேலும் பக்கெட்டின் மேலும் சமதரையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். டிராக்டரை மெள்ளப் பின்னுக்குக் கொண்டு வந்து, எஞ்சினை நிறுத்தி, எண்ணெய்க் குழாய்களை முதலில் பூட்ட வேண்டும். பின்பு எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஊன்றுகால்களையும் கையையும் அசைத்துக் கருவியே தன்னைத் தூக்கிச் சட்டத்தின் கொக்கிகளில் உட்காரும்படி செய்யலாம். ஆணியிட்டுப் பூட்டுக் கம்பி போட்டபின் ஒரு தடவை சுற்றிவந்து பார்க்க வேண்டும். இடையில் யாரையும் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் நிற்க விடலாகாது.

பதிவுச் சான்றில் கண்ட நிலைக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே நிலையான சட்டம் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதும், டிராக்டர் கம்பெனியின் உத்தரவாதம் இதனால் ரத்தாகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதும் உசிதம்.

மண்ணும் பக்கெட்டும்

கடலூரைச் சுற்றிய கேப்பர் மலைப் பக்கத்துச் செம்புரை மண்ணுக்கும், சிதம்பரத்துக் களிமண்ணுக்கும் ஒரே பக்கெட் உதவாது. செம்புரைக்கு 9 முதல் 12 அங்குல அகலமும் கூரான பற்களும் வேண்டும். அகலமான பக்கெட் அங்கே உள்ளேறாது. களியிலோ குறுகிய பக்கெட்டில் மண் அப்பிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழாது. பல்லில்லாத, மேலோட்டமான, இரண்டு அல்லது இரண்டரை அடி அகலமுள்ள தூர் பக்கெட்டே களி வாய்க்காலுக்கு ஏற்றது. நீர் வடியத் துவாரங்கள் இருந்தால் இன்னும் நல்லது. அகலப் பக்கெட்டில் ஈரக் களி நிறையும்போது எடை மிகுதியாகும். ஆகையால் ஆழத்தைக் குறைத்து மேலாகச் சீவ வேண்டும். சம்பா அறுவடை முடிந்து மண் பிடித்தால் பிடியும் பருவத்தில் வேலையை ஆரம்பிப்பது நலம். சித்திரை வெயிலில் பாளமாக வெடித்துக் காய்ந்த களி பக்கெட்டையே எதிர்த்து நிற்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு நீர் கடைமடைக்கு வருமுன் வேலை முடிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு வேலை நடக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 35 லிட்டர் கொள்ளும் பக்கெட்டை நிமிஷத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் மணிக்கு நாலு கனமீட்டர். ஒரு மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் கனமும் படிந்த தூரை 100 மீட்டர் நீளத்துக்கு எடுக்க வேண்டுமானால் 30 கனமீட்டர். நகர்வதற்கும் நிலைப்படுத்துவதற்கும் ஆகும் நேரத்தையும் கூட்டினால் ஒன்றரை நாள் வேலை. இதற்கு மேற்பட்ட பெரிய வடிகாலுக்குச் சிறு டிராக்டரை ஏவுவது ஆட்டுக்குட்டியை ஏரில் பூட்டுவது போலாம். வருஷத்தில் நாலைந்து நாளே வேலையுள்ளவர்கள் கருவியை வாங்காமல், வேளாண்மைப் பொறியியல் துறையார் வாடகைக்குக் கொடுக்கும் யந்திரங்களை விசாரிக்கலாம்.

தோண்டும்போது ஊன்றுகால்களை நன்கு இறக்கிப் பின் சக்கரங்களின் பாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். களியில் கால் புதையாமலிருக்க அடியில் தடித்த பலகையோ பனைத்துண்டோ வைப்பது வழக்கம். ஊன்றுகாலுக்கு அடியிலுள்ள மண்ணையே பறித்துக்கொண்டு போகலாகாது. வாய்க்காலில் நிறைந்த பக்கெட்டுடன் சரிவின் கீழ்ப்பக்கமாகக் கையைத் திருப்புவதே டிராக்டர் கவிழ்வதற்கு முதற்காரணம். மேட்டுப் பக்கமாகவே மண்ணைக் கொட்ட வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில், பக்கங்களுக்குப் பலகைத் தாங்கல் கொடாமல் ஆளை இறக்கக் கூடாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கருவி கையிலிருக்கிறதென்று பட்டாதாரர் வாய்க்கால் புறம்போக்கில் இறங்குவது அடிக்கடி வழக்குக்கு இடமாகிறது. புலப்படத்தைப் பார்த்து எல்லைக் கல்லைக் காட்டிக் கொடுத்தபின் வேலை தொடங்குமானால் தகராறு வராது. பொது வாய்க்காலிலும் ஏரியிலும் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பதற்கு 1959-ஆம் வருஷத்துச் சிறுகனிம விதிகளின்படி அனுமதி பெறுவது அவசியம். 2024 முதல் இதைத் தாசில்தாரிடமே பெற ஏற்பாடாகியுள்ளது. வெள்ள காலத்தில் தம் வயல் நீரை வெளியேற்ற அடுத்த கரையை வெட்டும் பழக்கம் முன்பு மண்வெட்டியால் நடந்தது. இப்போது இக்கருவியால் சில நிமிஷங்களில் நடந்துவிடும். வெட்டிய கரையை மறுபடி அடைப்பது சில நிமிஷ வேலையன்று. ஆகவே மழைக்காலத்தில் இத்தகைய கருவிகள் யாரிடம் உள்ளன என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அறிந்திருப்பது நல்லது. அடைபட்ட மதகை அவசரமாகத் திறக்கவும் அதே கருவிகள் உதவும்.

சேத்தியாத்தோப்பு, வடக்குத்து மார்க்கத்தில் வீராணத்து நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் குழாய் 2004 முதல் பூமிக்கடியில் ஓடுகிறது. அதன் பக்கத்து நிலங்களில் தோண்டுமுன் குழாயின் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே செல்லும் மின்கம்பியையும் அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மடித்த கை விரியும்போது எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை உட்கார்ந்திருப்பவர் பல சமயம் உணர்வதில்லை.

வேலை முடிந்த சாயங்காலம் எல்லா ஆணி மூட்டுகளிலும் கிரீஸ் ஏற்ற வேண்டும். சேற்றில் முழுகி எழுந்த மூட்டில் புது கிரீஸ் பழைய சேற்றை வெளித்தள்ளும் வரை ஏற்ற வேண்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்று சிலிண்டர் தண்டுகளின் பளபளப்பை அரித்துவிடும். அரித்த தண்டு எண்ணெய்த் தடுப்பு வளையங்களைக் கிழிக்கும். மழைக்காலம் முழுவதும் கருவியைக் கொட்டகையில் வைக்கிறவர்கள் தண்டுகளை இயன்றவரை உள்ளிழுத்து, வெளியே தெரியும் பாகத்தில் கிரீஸைத் தடித்துப் பூசி, சாக்கைச் சுற்றி வைத்தால் அடுத்த கோடைக்கு அது அப்படியே உதவும்.